வட்டத்துக்கு வெளியே ஒரு வீடு

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே! வியர்வை சிந்தி இந்த ஆலையை வளர்த்த மூத்த தொழிலாளர்களே! அடுப்பை அணைத்த கையோடு வேலைக்கு ஓடிவரும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கடிகாரம் பார்த்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் தலைகுனிந்த என் வணக்கம்!

பதினோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத பேக்கிங் பிரிவுச் சகோதரிக்குப் பரிசளிக்க என்னை அழைத்திருக்கிறார்கள். ஆலைச் சங்கு என் படுக்கையறைக்குள்ளேயே கேட்கும். அப்படியும் அரக்கப் பரக்க ஓடிவருகிறவன் நான். சிரிக்கிறீர்களா? இப்போதே சிரித்துவிடுங்கள்.

இருபது ஆண்டுகளாக இங்கே வேலைக்கு ஆள் எடுப்பவன் நான். என் அறைச் சுவரில் ஊர் வரைபடம்; அதில் ஆலையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் வீடா, வாருங்கள்! வெளியே வீடா, விண்ணப்பம் கீழ் இழுப்பறைக்கு! படிப்பைப் பார்த்தேனா? பழகிய தொழிலைப் பார்த்தேனா? எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று எண்ணினேன், ஐயா, பேருந்தை எண்ணினேன்!

நேற்று மாலை பரிசுச் செய்தியை நேரில் சொல்ல, பதிவேட்டிலிருந்த முகவரிக்குப் போனேன். ஆலைக்குப் பின்தெருதான். கதவைத் திறந்தவர் அவருடைய தங்கை. நான் யாரென்று சொன்னதும் வெளிறிப் போனார்.

"அக்கா இங்க இல்லீங்க சார். கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்காங்க, ரெண்டு பஸ் மாறணும். அந்த முகவரி போட்டு ரெண்டு தடவ எழுதினாங்க, நீங்க கூப்பிடவே இல்ல. அப்புறந்தான் என் வீட்டப் போட்டாங்க. அக்காவ வேலைய விட்டு எடுத்துடாதீங்க சார்!"

பரிசுச் செய்தியோடு போனவனைப் பார்த்துப் பயந்து கும்பிட்டார், பெரியோர்களே! பயப்படாமல் என்ன செய்வார்? பொய் முகவரி தந்தால் பணிநீக்கம் என்று விதி எழுதியவனே நான்தானே!

திரும்பி வந்து இழுப்பறையைக் கிளறினேன். கிடைத்தன இரண்டு விண்ணப்பங்கள். அதே பெயர், அதே கையெழுத்து, அதே அனுபவம். இரண்டின் ஓரத்திலும் என் கைப்பட எழுதியிருக்கிறேன்: 'தொலைவு. நேரத்துக்கு வரமாட்டார்.' யார்? இவர்! எழுதிய விரல் கூசுகிறது, படித்த கண் கூசுகிறது, இந்தப் பரிசை ஏந்தி நிற்கும் உடம்பே கூசுகிறது!

இவருக்காவது பின்தெருவில் ஒரு தங்கை இருந்தார். தங்கை இல்லாதவர்கள்? இன்னும் அந்த இழுப்பறையில்தான் கிடக்கிறார்கள்.

இன்று காலை, "மேடையில இதச் சொல்லட்டுமாம்மா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்லுங்க சார். பதினோரு வருசமா தங்கச்சி வீட்டு முகவரியத்தான் மனப்பாடமா வெச்சிருக்கேன். யாராவது திடீர்னு கேட்டா, என் வீட்டச் சொல்ல வாய் குழறுது."

வேலையைக் கொடுத்தேன் என்றிருந்தேன், தாய்மார்களே, வீட்டைப் பிடுங்கியிருக்கிறேன்!

தலைவர் அவர்களே, இதோ அவருடைய கோப்பு. தங்கை வீட்டு முகவரியை அடித்துவிட்டேன். 'நடவடிக்கை இல்லை, முகவரி விதியும் வட்டமும் இனி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இத்தனை பேர் முன்னால் கேட்கிறேனே என்று கோபிக்காமல் ஒரு கையெழுத்து... பேனாவைத் தேடுகிறார், இந்தாருங்கள், என்னுடையது! போட்டுவிட்டார்! இந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். அவரைப் பார்த்துத் தட்டுங்கள்!

சகோதரி, மேலே வாருங்கள். முகவரிக் கட்டம் காலியாக இருக்கிறது. இந்த மைக்கில் உங்கள் வீட்டு முகவரியை நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். நிதானமாகச் சொல்லுங்கள், அம்மா. இன்று ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் வணக்கம்!