இடது பக்கக் கால்

—வாக்கி-டாக்கியில கேக்குதா மாமா? சாவியைத் திருப்பாதீங்க. இங்க டைரக்டர் இன்னும் ரெடி இல்லையாம்.

—இப்பவும் இல்லையா? என்னம்மா வாயாடி, இந்த வேன்லயே உக்காந்து உக்காந்து நான் சீட்டோட ஒட்டிப்போயிட்டேன்.

—லென்ஸ் மாத்துறாங்களாம்.

—அதை அப்பவே மாத்தியாச்சுன்னு சொன்ன.

—அது வேற கேமரா. இது எதிர்மாடியில இருக்கிறது.

—வெயில் இறங்குது பாரு. பார்க்கிங் மாடி பூரா தூண் நிழல் விழுந்துருச்சு. நான் இந்த ரேம்ப்ல ஏறி, அந்தப் பொய்ச் சுவரை உடைச்சு, சந்துக்கு மேல பறந்து அடுத்த கட்டடத்து மாடியில போய் விழணும். அட்டைப்பெட்டி மேல சரியா விழலைன்னா நானும் ஒரு அட்டைப்பெட்டிதான்.

—சிரிப்பு வரல மாமா.

—எனக்கு வருது. பேங்க்கைக் கொள்ளையடிச்சது ஹீரோ. போலீஸ் துரத்துறது ஹீரோவை. பறக்கிறது மட்டும் நானாம். அவர் எங்க, ஏசி வண்டியில கால் நீட்டிட்டாரா?

—ஆமா, தூங்குறாரு. அக்காகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?

—ரோட்டுல சும்மா வேன் ஓட்டுற வேலைன்னு சொன்னேன். பொய் இல்லையே? கொஞ்ச தூரம் ரோடுதான், அப்புறம்தான் ரோடு இருக்காது. ஏய், என்ன சத்தம் அங்க? அந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்துறாரு!

—ஒண்ணுமில்ல. லைட்காரரைத் திட்டுறாரு.

—வாயாடி.

—சொல்லுங்க.

—அவர் ஒரே மூச்சுல அவ்வளவு பேசினாரு. நீ ரெண்டு வார்த்தை சொல்ற. மீதி ஹிந்தியெல்லாம் எங்க போச்சு?

—கெட்ட வார்த்தை மாமா. அதையுமா தமிழ்ல சொல்லணும்?

—'கெட்ட வார்த்தைன்னா அதைத்தான் முதல்ல சொல்லுவேன்'னு நீயே ஒரு தடவை சொல்லியிருக்க. ரொம்ப நேரமா நீ என்னை இழுத்தடிக்கிற. என்னன்னு சொல்லு.

—பக்கத்துல ஆளுங்க இருக்காங்க.

—அங்க யாருக்குத் தமிழ் தெரியும்? தைரியமாப் பேசு.

—சரி, கேளுங்க. டைரக்டர் எப்பவோ ரெடி. மூணு தடவை 'ஆக்‌ஷன்' சொல்லச் சொல்லிட்டாரு. நான்தான் உங்ககிட்ட லென்ஸுன்னு சொன்னேன். அவர்கிட்ட வண்டியில ஏதோ கோளாறு, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன்.

—அடிப்பாவி! அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய்யா? நான் பயந்துட்டேன்னு நினைக்கப்போறாங்கடி! இத்தனை வருஷத்துல ஒரு ஷாட்டுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போகணும்னுகூட நான் சொன்னதில்ல.

—நினைச்சா நினைக்கட்டும். அந்த ரேம்ப் சரியில்ல மாமா.

—யார் சொன்னா?

—சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வெல்டர், நம்ம ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் தண்ணி எடுக்கப் போனப்போ காதுல விழுந்தது. ரேம்ப்போட இடது பக்கக் காலை வெட்டிக் குட்டையாக்கித் திரும்ப ஒட்ட வச்சிருக்காங்க. பாரம் ஏத்திப் பார்க்காம வண்டியை விடாதீங்கன்னு அவர் சொல்றாரு.

—மாஸ்டர் என்ன சொன்னாரு?

—'ஒரு டேக் தாங்கும். டிரைவர் காதுக்குப் போக வேண்டாம்'னாரு.

—போதும் நிறுத்து. மாஸ்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு.

—நான் ஏன் மாமா பொய் சொல்லணும்?

—இவ்வளவு நேரம் வேற என்ன பண்ணிக்கிட்டிருந்த? மாஸ்டர் யாருன்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணுக்குப் பேர் வச்ச மனுஷன். என் தோள்பட்டை நழுவினப்போ ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கிடந்தவரு.

—எல்லாம் தெரியும். உங்க முன்னாடி எப்பவும் தமிழ்லதானே பேசுவாரு? வெல்டருக்கும் தமிழ் தெரியும் மாமா. அப்புறம் எதுக்கு இதை மட்டும் ஹிந்தியில பேசினாரு? மாமா, கேக்குதா?

—கேக்குது.

—இறங்கிடுங்க. உங்க கால்ல விழுறேன்.

—டேய் பம்பரம்.

—மாஸ்டர்! நீங்களும் இந்த லைன்லதான் இருக்கீங்களா?

—உன் மச்சினி பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் வரேன். வேன் கண்ணாடியை இறக்கு. வந்துட்டேன் பாரு, என்ன.

—இறக்கிட்டேன். மாஸ்டர், இடது பக்கக் காலை வெட்டினீங்களா?

—அந்த வெல்டர் பய வாய் சும்மாவே இருக்காது.

—நான் வெல்டரைக் கேக்கல. உங்களைக் கேக்கிறேன்.

—வெட்டினோம்டா. ரேம்ப்போட இடது ஓரம் கேமராவுல தெரியுது, குட்டையாக்குன்னான் டைரக்டர். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வெட்டி ஒட்டுன்னான். வெயில் போயிடும்னு குதிச்சான். பாரம் ஏத்திப் பார்க்க நேரமே கொடுக்கல, என்ன.

—முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

—முன்னாடி வேற ஒரு படத்துல ஒரு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரு பய என்னைக் கூப்பிடல. உனக்குத் தெரியாதா? நீயும்தானே என்கூட வீட்டுல உக்காந்திருந்த?

—அதுக்காக என்னை அனுப்பிடுவீங்களா?

—உன் கை எனக்குத் தெரியும்டா. எப்படியும் தாண்டிடுவேன்னு நினைச்சேன்.

—நினைச்சீங்களா, நம்பினீங்களா? சொல்லுங்க மாஸ்டர்.

—வேண்டிக்கிட்டேன்.

—மாமா, சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. இங்க டைரக்டர் அசிஸ்டெண்ட் கையில இருந்த மைக்கைப் பிடுங்கிட்டாரு!

—அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு வாயாடி. ரேம்ப் சரியில்லன்னு சொல்லு.

—சொல்லிட்டேன் மாமா, இப்பத்தான் சொன்னேன். 'அப்படின்னா டிரைவரை மாத்து'ன்னாரு.

—என்னது?

—கீழ இன்னொருத்தர் நிக்கிறாராம். போன வாரம் புதுசா வந்து சேர்ந்தாரே, ஹெல்மெட்டைக்கூட வேற ஆள்தான் மாட்டிவிடணும், அவர். அவரை மேல அனுப்பச் சொல்றாரு.

—அவனா? அவனுக்குச் சமதரையிலயே வண்டி சறுக்கும்! மாஸ்டர், நான் இறங்கினா அவன் ஏறிடுவான்.

—ஏறுவான். கூப்பிட்டா ஓடி வருவான். முதல் ஷாட்டுன்னு சந்தோஷமா வருவான், என்ன.

—அப்போ நான்தான் போகணும்.

—மாமா! பைத்தியமா உங்களுக்கு?

—அவன் செத்து நான் வீட்டுக்குப் போய் உன் அக்கா முகத்தைப் பார்க்கவா?

—நீங்க செத்தா நான் போய்ப் பார்க்கணுமே அந்த முகத்தை! அதை யோசிச்சீங்களா?

—ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பம்பரம், கீழ இறங்கு.

—இறங்கினா அவன்...

—யாரும் ஏற வேண்டாம். இது கியர் மாத்துற வண்டியா? தானா கியர் மாறுற வண்டிதானே? கண்ணாடியெல்லாம் கறுப்பு. முன்னாடி இரும்பு வலை அடிச்சிருக்கு. உள்ள ஆள் இருக்கானா இல்லையான்னு எந்தக் கேமராவுக்குத் தெரியப்போகுது, என்ன?

—ஆள் இல்லாமலேயே விடலாங்கிறீங்களா?

—ஸ்டியரிங்கைக் கயித்தால இறுக்கிக் கட்டு. நேர்கோடுதான், திருப்ப வேண்டிய வேலையே இல்ல. லைட் ஸ்டாண்டு மேல கிடக்கிற மணல் மூட்டையை எடுத்து ஆக்ஸிலேட்டர் மேல வைக்கிறேன். வெளிய நின்னு ஜன்னல் வழியா கியர் லீவரைத் தள்ளிட்டு ஒதுங்கிடணும்.

—ஒதுங்கலைன்னா?

—கை வண்டியோட போயிடும். அதனால அதை நான் பண்றேன்.

—உங்க முட்டிக்கு ஒதுங்கவா முடியும்? மாடிப்படி ஏறவே ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்குறீங்க. தள்ளுங்க, நான் பார்த்துக்கிறேன். வாயாடி, சந்துல யாரும் இல்லையே?

—ரெண்டு பக்கமும் கயிறு கட்டி அடைச்சாச்சு. எதிர்மாடியிலயும் யாரும் இல்ல, கேமரா மட்டும்தான் தனியா ஓடுது. மாமா, அந்தப் புது டிரைவர் படியேற ஆரம்பிச்சிட்டாரு!

—மாஸ்டர், கயித்தை இன்னும் இழுங்க. இன்னும். ம், இப்ப ஸ்டியரிங் அசையல. மூட்டையைக் கொடுங்க.

—இந்தா. வழுக்கிடாம நல்லா அமுக்கி வை.

—வாயாடி, டைரக்டர்கிட்ட சொல்லு. கோளாறு சரியாயிடுச்சு, பழைய டிரைவரே போறாராம்னு சொல்லு. புதுசா வந்தவனை அப்படியே நிறுத்தச் சொல்லு.

—வண்டியில ஆள் இல்லைங்கிறதைச் சொல்லட்டுமா?

—சொல்லாத பாப்பா. சொன்னா உடனே புதுசா வந்தவனை ஏத்திடுவான். ஷாட் முடியட்டும், நானே போய்ச் சொல்றேன்.

—சரி மாஸ்டர். சொல்லிட்டேன். தலையை ஆட்டினாரு. மாமா, கவனமா நில்லுங்க.

—நிக்கிறேன். என்ஜினைப் போடுறேன். மாஸ்டர், தூணுக்குப் பின்னாடி போங்க. நல்லா உள்ள போங்க.

—டேய், தள்ளின உடனே கையை எடுத்துரு. பார்த்துக்கிட்டு நிக்காத.

—'ரோல்' சொல்லிட்டாங்க.

—ம்.

—'ஆக்‌ஷன்' மாமா!

—போ!

—மாமா! ஐயோ, மாமா, அது என்ன சத்தம்? சுவர் உடைஞ்சது தெரிஞ்சது, வண்டி வெளிய வரல! ஒரே தூசியா இருக்கு, ஒண்ணுமே தெரியல! மாமா, பேசுங்க! மாஸ்டர், நீங்களாவது பேசுங்க! யாராவது பேசுங்களேன்!

—பேசுறேன்... தூசி... தொண்டை அடைக்குது. இருக்கேன்மா. தூணுக்குப் பின்னாடிதான் கிடக்கேன்.

—அடிபட்டுச்சா?

—முழங்கை தேய்ஞ்சிருக்கு. அவ்வளவுதான். மாஸ்டர், எங்க இருக்கீங்க?

—ரேம்ப்கிட்ட. கிட்ட வராதடா.

—என்னாச்சு?

—இடது பக்கக் கால் மடிஞ்சு போச்சு. பாதி ஏறினதுமே மடிஞ்சிருக்கு. வண்டி பக்கவாட்டுல புரண்டு, சுவரை இடிச்சுக்கிட்டு, தலைகீழா சந்துக்குள்ள போயிருக்கு.

—தள்ளுங்க, நானும் பார்க்கிறேன்.

—பார்க்க வேண்டாம்டா.

—அது நான் உக்காந்திருந்த பக்கமா மாஸ்டர், அந்த நசுங்கிக் கிடக்கிறது?

—ஆமா.

—கதவு எது, சீட் எதுன்னே தெரியலையே.

—பம்பரம்.

—ம்.

—கையைக் கொடுடா.

—வேண்டாம் மாஸ்டர். இப்ப வேண்டாம்.

—சரி.

—அழாதீங்க. அழுதா மட்டும் எனக்கு மனசு மாறிடுமா? வாயாடி, நீயுமா அழற? வாக்கியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அழாதம்மா, எனக்கு வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

—அழல மாமா. மூக்கைத்தான் சிந்துறேன்.

—அங்க அந்த மனுஷன் திரும்பவும் கத்துறாரே. நான் செத்துட்டேன்னு நினைச்சிருப்பாரு, பாவம். உயிரோட இருக்கேனான்னுதானே கேக்கிறாரு? இருக்கேன்னு சொல்லிடு.

—மாமா...

—என்ன? இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட விடாம, அப்படியே சொல்லு.

—'கேமரா ஓடுச்சா'ன்னு கேக்கிறாரு மாமா.