கீரை அறையில் மத்தியானத் தூக்கம்

மே மாத வெயிலில் அச்சன்புதூரில் நிம்மதியாகக் கண்ணயர ஒரே இடம்தான் இருந்தது, ஐயா. என் கீரை அறை.

என் அண்ணன் பெயர் கடற்கரை. மத்தியானச் சோறு தின்றதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவான். செடித் தட்டுகளை அடுக்கிய இரும்பு ரேக்குகளுக்கு நடுவே விரித்துப் படுப்பான். ஏசி எந்நேரமும் ஓடும். "ஏலே புவனேஷு, குத்தாலத்துல குளிச்சாக்கூட இந்தச் சொகம் வராதுலே" என்பான். கட்டடம் அவனுடைய பழைய நெல் குடோன். அதனால் நான் வாயைத் திறக்க முடியாது. எரிச்சலாகத்தான் இருக்கும்.

நான் வளர்த்தது லெட்டூஸ் என்கிற சாலட் இலை. குற்றாலத்து ரிசார்ட்டுகளுக்கும், புளியறை வழியாகக் கேரளாவுக்கும் போகும். மண்ணும் வெயிலும் வேண்டாம்; தண்ணீரும் விளக்கு வெளிச்சமும் போதும். அறையின் சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் சென்சார்கள் அளந்து என் போனுக்கு அனுப்பும். எங்கிருந்தாலும் விளக்கையும் ஃபேனையும் வாயுவையும் போனிலேயே மாற்றலாம். வாயு என்றால் கார்பன் டை ஆக்சைடு. சோடாக் கம்பெனியில் வைத்திருக்கிற அதே சிலிண்டர்தான். கொஞ்சம் கொடுத்தால் இலை நன்றாகத் தழைக்கும். அடைத்த அறையில் அளவு மீறினால் மனிதனுக்கு ஆகாது. ஆகவே உள்ளே ஆள் அசைந்தால் வாயு தானாக நின்று, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்படி நான்தான் அமைத்திருந்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

அண்ணன் உருண்டு புரண்டு படுப்பவன். அவன் புரளும்போதெல்லாம் வாயு நிற்கும், ஃபேன் ஓடும், குளிர் வெளியே போகும். இலையோரம் கருகியது. அவனிடம் சொன்னேன். "செடிக்குத்தாம்லே ஏசியா? கூடப்பொறந்தவனுக்குக் கெடையாதா?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, இட்லியைப் பிட்டபடியே சொன்னான். "சாரல் விழுததுக்குள்ள காலி பண்ணிரு. நாலு ரூமா தடுத்து, சீசனுக்கு வாரவங்களுக்கு விடப்போறேன். ஏசி அங்கனயே கெடக்கட்டும்."

அண்ணன் மனைவி காளீஸ்வரி மதினிதான் எனக்காகப் பேசினார். "பாவம், தம்பி எம்புட்டுப் பாடுபட்டிருக்கு. இந்த ஒரு வருசம் விடுங்களேன்."

"பேசாம இருட்டி. எலைக்குப் போயி இம்புட்டுக் கூத்தா?" என்றான்.

அந்த அறையைத் தவிர எனக்கென்று வேறு எதுவும் கிடையாது. பெண் பார்க்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. இரண்டு நாளில் அதுவும் மரத்துப்போனது. அதன் பிறகு அவனோடு சாதாரணமாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று புளியறையில் இலைப் பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டு, செக்போஸ்ட் பக்கத்துக் கடையில் பரோட்டா சொன்னேன். அறைக் கதவு திறந்து மூடியது போனில் தெரிந்தது. அண்ணன் படுத்துவிட்டான். ஆள் அசைந்தால் வாயு நிற்கும் என்ற ஏற்பாட்டை நீக்கினேன். ஃபேனை நிறுத்தினேன். வாயுவைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று போன் கேட்டது. ஆம் என்று தொட்டேன்.

பரோட்டா வந்தது. "சால்னா ஊத்தவா அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைக்காரர். ஊற்றச் சொன்னேன். வாயுவின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. அசைவுச் சென்சார் முதலில் பாய்ப் பக்கம் காட்டியது, பிறகு கதவுப் பக்கம் காட்டியது. ஃபேனை ஓடவிட ஒரு தொடல் போதும். கையெல்லாம் சால்னாவாக இருந்தது. கழுவிவிட்டுத் தொடலாம் என்று நினைத்தேன். கழுவி வருவதற்குள் அசைவு நின்றுவிட்டது.

தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று மதினியிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது.

மெஷின் கோளாறு என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது தப்புதான். செடிகளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பிறகு சொன்னேனே, அதை நானே நம்பித்தான் சொன்னேன். ஆனால் விளக்குகளைப் பற்றி நீங்கள் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண் கூசுகிறது என்று அண்ணன் எப்போதும் குறைபடுவான். அதனால் அன்று, வாயுவைத் திறக்கும் முன், எல்லா விளக்கையும் அணைத்துக் கொடுத்தேன். இருட்டில் எந்தச் செடியும் அந்த வாயுவை எடுத்துக்கொள்ளாது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்று அதை அண்ணனுக்காக மட்டும்தான் திறந்தேன், ஐயா.