ஐம்பதில் பதினான்கு

வரிசையில் நிற்க எனக்கு எப்போதுமே பொறுமை உண்டு. உங்கள் தம்பியின் படங்களுக்காக மழையில் நின்றிருக்கிறேன், முழங்கால் வீங்கியபோதும் நின்றிருக்கிறேன். அவனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன் அம்மா. கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சுவர்களில் அரசியல் படம் வரைந்துவிட்டு மறைந்துபோகும் 'ஆந்தை' யார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில், கண் பரிசோதனைக்கு என் கடைக்கு உங்கள் தம்பி வந்தான். கழற்றிக் கொடுத்த கண்ணாடியின் விளிம்பில் ஒரு சிவப்பு மை உலர்ந்திருந்தது. அதே சிவப்பில் என் வீட்டில் அப்போதே ஒன்பது படங்கள் தொங்கின. நான் வாயைத் திறக்கவில்லை. துடைத்துக் கொடுத்தேன். நாலு வருடம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியவன் நான்.

சுவரில் வரைந்ததைத் துணித்திரை வழியாக ஐம்பதே பிரதி அச்சடித்து, வேறு ஆள் மூலம் விற்பான். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடுவான். பிறகு அச்சுத் திரையைக் கிழித்துவிடுவான். வாய்க்குப் பூட்டுப் போட்ட நீதிபதி, அமைச்சரின் நாற்காலிக்குக் காலாக நிற்கும் நான்கு கிழவர்கள், எல்லாவற்றையும் சுவரில் போலீஸ் வெள்ளையடித்து மறைத்துவிட்டது. அந்த ஐம்பது வீடுகளில்தான் மிச்சம். அதில் ஒருத்தர் நீதிபதியைக் குளியலறையில் மாட்டினார். இன்னொருத்தர் நாலாக மடித்து அலமாரியில் செருகினார். பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னிடம் இருபத்திரண்டு, எல்லாமே பதினான்காம் எண். அதற்காக எத்தனை பேரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன் தெரியுமா. வெளிச்சம் பட்டால் மை வெளிறும் என்று ஜன்னல்களை அடைத்தேன். "இந்த வீட்டுல மூச்சு விடறதுக்குக்கூட உங்க படங்கள்கிட்ட அனுமதி கேக்கணும்போல" என்று சொல்லிவிட்டு என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஏழு மாதத்துக்கு முன் லென்ஸ் மாற்ற வந்தான். நான் அவன் படங்களைச் சேர்ப்பது அதற்குள் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணே, இனிமே நம்பரே கிடையாது," என்றான். "அமைச்சருக்கு எதிரா நடக்கப்போற ஊர்வலத்துக்கு முன்னாடி பழைய படம் எல்லாத்தையும் திரும்ப அடிக்கப்போறேன். வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்."

திரைகளைத்தான் கிழித்தாயிற்றே என்றேன்.

"திரை போனா என்ன, வரைஞ்ச கை இருக்கே."

அப்படியானால் இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தவர்களின் கதி என்ன என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவன் சிரித்தான்.

"நீங்களும் கொண்டுபோய் ஒரு சுவத்துல ஒட்டிடுங்கண்ணே. அதுக்கு அங்கதான் மதிப்பு."

நான் படம் சேர்த்த பதினொரு வருடத்தை அந்த ஒரு சிரிப்பில் கசக்கிப் போட்டுவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வயதில் முன்பின் யோசனை இருக்காது. யாராவது நிறுத்த வேண்டியிருந்தது.

வாடிக்கையாளர் அட்டையில் அவன் பட்டறையின் முகவரி இருந்தது. அதை ஒரு தாளில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தபாலில் அனுப்பினேன். யாருக்கும் அடிபடக் கூடாதே என்ற அக்கறையில் கீழே ஒரு வரி சேர்த்தேன்: கண்ணாடியைப் பிடுங்கிவிட்டால் இரண்டடிக்கு அப்பால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஓட மாட்டான்.

ஓடவில்லை என்று பட்டறைக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக் சொன்னார். போலீஸ் வேனின் கதவு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தானாம். அன்றிலிருந்து எந்த நிலையத்தில் விசாரித்தாலும் அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்கிறார்கள்; படியேறி இறங்கிய உங்களுக்குத் தெரியாததா. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

வந்ததும் வராததுமாக, அவன் எங்கே என்று கேட்டு நடத்தும் ஊர்வலத்தில் பிடித்துப்போக அவன் வரைந்த படம் ஒன்று கேட்டீர்கள். தர முடியாது, மன்னியுங்கள். வெயில், கூட்டம், யார் யார் கையோ படும். இங்கே ஒரு தூசி அண்டாது. இந்த ஊரில் உங்கள் தம்பியைப் பத்திரமாக வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான்.