பாலம் தாண்டிய நாள்கள்

— இருநூத்திப் பதினாலு நாளா? நல்லா எண்ணினியா, கோரின்?

— ரெண்டு தடவை எண்ணிட்டேன், டோரிஸம்மா. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டின காலண்டர் இது. வெர்ன் பாலம் தாண்டி ஒரிகன் பக்கம் போர்ட்லாண்டுக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் சிவப்பு வட்டம். என்னோடது நீலம். எங்களுக்குக் கல்யாணமானதுலருந்து பதினஞ்சு வருஷமா வரிப் படிவம் போடறீங்க, நீங்கதானே குறிச்சு வைக்கச் சொன்னீங்க?

— சொன்னேன் கண்ணு. நம்ம வாஷிங்டன் மாநிலத்துல சம்பளத்துக்கு வரி இல்லை. அந்தப் பக்கம் போய் உழைச்ச நாளுக்குத்தான் ஒரிகன்காரன் கை நீட்டுவான். ஆனா வெர்ன், உன் சம்பளச் சீட்டு ஏப்ரல் பதினாறோட நிக்குதே?

— அது வந்து... அச்சடிச்சதுல தப்பா இருக்கும்.

— 'பணி முடிவு'ன்னு கூடவாப்பா தப்பா அச்சடிப்பான்?

— வெர்ன்?

— அது வந்து, கோரின்... அன்னிக்கு எங்க ஆபீஸ்ல பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— தினம் ஏழு மணிக்குக் கிளம்பினியே! பாலத்துல ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்னு வந்து புலம்புவியே, அதெல்லாம் பொய்யா?

— நெரிசல் பொய்யில்லை. நிஜமாவே மாட்டிக்கிட்டேன்.

— மாசாமாசம் வீட்டுக்குக் குடுத்த பணம்?

— ஓய்வுக்குன்னு போட்டு வச்சதுலருந்து எடுத்தேன்.

— அதுக்கு வேற படிவம் இருக்கு கண்ணு. எவ்வளவுன்னு ஞாபகமா சொல்லு.

— ஏன் வெர்ன் என்கிட்ட மறைச்சே?

— பயமா இருந்துச்சு. நீ ஒருத்தி சம்பாதிக்க, நான் உட்கார்ந்து சாப்பிடறதான்னு... வாயே வரலை.

— வரிக்கு இது நல்ல சேதிதான். ஏப்ரலுக்கு அப்புறம் இருக்கிற சிவப்பையெல்லாம் அடிச்சிடறேன்.

— அடிங்க. ஆமா வெர்ன், பொழுது விடிஞ்சு பொழுது போனா எங்கதான் இருந்தே?

— அங்க ஒரு நூலகத்துல. மழைக்கு ஒதுங்கலாம், யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க.

— எந்த மாடி?

— ரெண்டாவது. ஏன்?

— சும்மா கேட்டேன்.

— சரி, நீல வட்டத்துக்கு வருவோம். நூத்தித் தொண்ணூத்தாறு. உன் சீட்டையும் இப்படிக் குடு, கோரின். ம்... என்ன கண்ணு, இது ஜூன் ஆறோட நிக்குது?

— கோரின்?

— நான் மூணாவது மாடி.