அரிவாளுக்கு ஒரு சீட்டு

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ். தர்மபுரியில் அதன் கரியடுப்பு பற்றிக்கொள்ளும்வரை எல்லோரும் உள்ளே காத்திருந்தோம். முன் இருக்கையில், சாமை மூட்டையோடு ஏறிய வத்தல்மலைக்காரப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எம்பொண்ணு வாத்தியாருகிட்டயே சீட்டு எழுதி வாங்கிட்டு வந்துட்டா."

"என்னத்துக்குங்க?"

"பள்ளிக்கூடம் விட்டதும் புல்லறுக்க அருவா கொண்டு போவா. வகுப்புல வெச்சிருக்கக் கூடாதுன்னு அவரு புடுங்கிக்கிட்டாரு. சாயங்காலமும் குடுக்கல."

"அழுதிருப்பாளே."

"அழுவலீங்க. காட்டுல அருவாளப் புடுங்கற பாரஸ்ட் கார்டுகூட சீட்டுக் குடுக்கறாரு, நீங்களும் குடுங்கன்னு கேட்டிருக்கா. சீட்டில்லாம எடுத்து வெக்கச் சட்டமில்லன்னு அங்கயே நின்னுக்கிட்டாளாம். அவரும் சிரிச்சுட்டு எழுதிக் குடுத்துட்டாரு."

"அருவா வந்துதுங்களா?"

"மறுநாளே வந்துது. சீட்டத் திருப்பிக் கேட்டாரு. நான் குடுக்கல."

"இன்னும் அது எதுக்குங்க?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த காகிதத்தை விரித்துக் காட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த அருவா எம்பொண்ணோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காராம். ஏர் ஓட்டற காட்டுக்குக்கூட எங்களுக்குக் காகிதம் கெடையாது. எங்களுதுன்னு ஒருத்தரு எழுதிக் குடுத்தது இது ஒண்ணுதானுங்க."