பதினேழு நாள் தலைவர்

அன்று மேடையில் நான் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. எங்கள் ஊரின் புதிய பஞ்சாயத்து அலுவலகத்தில், இதுவரை இருந்த தலைவர்களின் பெயர்களை எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். அதில் நீலாம்பாளின் பெயர் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுத்தர் மாரியப்பனிடம் மூன்று முறை போய் நின்றேன். "தலைவர் இல்லாதப்ப பொறுப்புல இருந்தவங்க பேரெல்லாம் போடறதில்லம்மா. அதப் போட்டா நம்ம தலைவரோட பழைய ஆறு வருஷம் ரெண்டாத் துண்டாயிடும். அவரு ஒத்துக்குவாரா?" என்றார். அதை நான் சொல்லவில்லை. என் பேச்சில் வரும், வாய்க்காலில் விழுந்த சிறுமி நான்தான் என்பதையும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இந்தியப் பிரதமர்களின் வாழ்வும் பணியும்'. உள்ளூர் விஷயம் வேண்டாம் என்று சொல்லித்தான் மைக்கை என் பக்கம் நகர்த்தினார்கள். 1986 ஆகஸ்ட் பதினைந்து அன்று நான் பேசியது, கூட்டத்தில் எழுந்த குரல்களோடு, இது.

வெள்ளை வேட்டியும் விரிந்த புன்னகையுமாக இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் மதிப்பிற்குரிய இளையபெருமாள் அய்யா அவர்களே, அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து மேடைக்கு அழகு சேர்க்கும் உறுப்பினர்களே, ஒரத்தநாட்டில் ஆயிரம் வேலை இருந்தும் அதை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, களையெடுத்த கையோடு, காலில் சேறு காயுமுன்னே கொடியேற்றம் காண வந்து வரிசை வரிசையாய் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, மிட்டாய் எப்போது என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஊர்ப் பெண்ணின் பணிவான வணக்கம்.

கொடி ஏறிவிட்டது. கட்டடம் திறந்தாகிவிட்டது. மிட்டாய்க்கு முன்னால் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே நேரே கேள்விக்கு வருகிறேன். நாடு விடுதலை பெற்ற நாள் முதல் இந்த நாள் வரை, இந்தியாவின் பிரதமர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் எத்தனை பேர்?

"ஆறு பேரு," என்கிறார் டீக்கடை ரெத்தினம் அண்ணன். எண்ணிச் சொல்லுங்கள், அண்ணே.

"நேரு, சாஸ்திரி, இந்திரா அம்மா, மொரார்ஜி, சரண்சிங், இப்ப ராஜீவ். ஆறு. நம்ம கடைக்கு எல்லாப் பேப்பரும் வருது டீச்சர்."

வருகிறது அண்ணே. ஆனாலும் ஒரு விரல் மடங்கியே இருக்கிறது. முதலில் நிமிர்ந்த விரல்களைப் பார்ப்போம்.

நேரு. செல்வத்தில் பிறந்தவர், சிறையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்தவர். ஏறத்தாழப் பதினேழு ஆண்டு பிரதமர். அந்தப் பதினேழை இன்றுவரை எவரும் எட்டவில்லை. அடுத்து சாஸ்திரி. தவழும் வயதில் தந்தையை இழந்த பிள்ளை. அவர் ரயில்வே அமைச்சராக இருந்தபோதுதான், நம் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூரில் ரயில் கவிழ்ந்தது. ரயிலை ஓட்டியவர் அவரா? தண்டவாளம் போட்டவர் அவரா? பாலத்தைக் கட்டியவர் அவரா? இல்லை. ஆனாலும் பதவியை உதறினார். பதவியை உதறத் தெரிந்தவரைத் தேடிப் பெரிய பதவி பின்னாலேயே வந்தது. பிரதமராக அவர் இருந்தது பத்தொன்பது மாதம். பதினேழு ஆண்டு ஆண்டவரையும் நினைக்கிறோம், பத்தொன்பது மாதம் ஆண்டவரையும் நினைக்கிறோம். இந்திரா அம்மையார் இருந்தார், தோற்றார், மறுபடியும் வென்று வந்தார். மொரார்ஜி தேசாய் பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாள் காண்கிறவர், எண்பத்தோரு வயதில் பிரதமர் ஆனார்.

"அப்ப அவருக்கு இருபது வயசுதான்," என்று பின்னால் ஒரு குரல். கணக்கு சரி. அந்தப் பையனுக்கு மிட்டாய் இரண்டாகக் கொடுங்கள்.

சரண்சிங் உழவர் வீட்டுப் பிள்ளை. பிரதமர் என்ற முறையில் நாடாளுமன்றத்தை ஒரு நாளும் சந்திக்காமலே போனவர். அவர் பெயரையும் பட்டியலில் எழுதியிருக்கிறோம். இன்றைய பிரதமர் விமானம் ஓட்டியவர். சரி, ஆறும் ஆயிற்று. ஏழாவது விரல் எங்கே?

குல்சாரிலால் நந்தா. நேரு மறைந்தபோது நாட்டை ஏந்திக்கொண்டவர். சாஸ்திரி மறைந்தபோது மறுபடியும் ஏந்திக்கொண்டவர். முதல் தடவை பதின்மூன்று நாள். இரண்டாம் தடவையும் பதின்மூன்றே நாள். துக்க வீட்டில் யாரோ ஒருவர் அடுப்பைக் கவனித்துக்கொள்வார்களே, அப்படிக் கவனித்துக்கொண்டார். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை அரசாங்கம் அணையாமல் எரிந்தது. புதியவர் வந்ததும் எழுந்து இடம் விட்டார். டெல்லியில் பிரதமர்களின் பெயரை எழுதும்போது அவர் பெயரை விட்டார்களா? விடவில்லை. இரண்டு முறை எழுதினார்கள்.

இப்போது என் தாய்மார்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முன், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த மறு வருடம். கூலிக்காக ஒரு பக்கம் கொடி பிடித்தார்கள், கொடிக்கு எதிராக ஒரு பக்கம் கம்பு பிடித்தார்கள். நம் பஞ்சாயத்தில் துணைத்தலைவர் தேர்தல். இந்த அணி ஆளை அந்த அணி ஏற்கவில்லை, அந்த அணி ஆளை இந்த அணி ஏற்கவில்லை. கடைசியில் இரண்டு அணியும் ஒத்துப்போனது ஒரே பெயரில். பெண்களுக்கான இடத்தில் இருந்த நீலாம்பாள். ஏன் தெரியுமா? "அது வாயத் தொறக்காது" என்று இரண்டு அணியும் நம்பின.

"ஏ புள்ள, டெல்லிக் கதையச் சொல்லுன்னா என் கதைய எதுக்கு இழுக்குற?" என்கிறார் மூன்றாம் வரிசையில் இருக்கும் நீலாம்பாள். பார்த்தீர்களா, வாய் திறந்துவிட்டார்.

அந்த ஆனி மாதம் நம் தலைவர் அய்யா ஆபரேஷனுக்காகச் சென்னை போனார். பொறுப்பு நீலாம்பாள் கைக்கு வந்தது. அப்போது பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்னால் சிமெண்ட் குழாய்கள் மூன்று வருடமாகக் கிடந்தன. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் போட வாங்கியவை. ஆடுகள் அதற்குள் குடும்பம் நடத்தின. அக்கரைத் தெருப் பிள்ளைகள் இக்கரைப் பள்ளிக்கு வர ஒற்றைப் பனைமரம்தான் வழி. தண்ணீர் ஓடும்போது ஒரு சிறுமி அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். களையெடுத்துக்கொண்டிருந்த நீலாம்பாள்தான் குதித்துத் தூக்கினார். பாலம் ஏன் வரவில்லை? இக்கரையில் அது இறங்கும் இடம் தலைவர் வீட்டு வரப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அய்யா, கோபிக்கக் கூடாது.

"சொல்லும்மா, சொல்லு. எனக்கும் ஞாபகம் இருக்கு," என்கிறார் தலைவர்.

நன்றி அய்யா. நீலாம்பாள் நிலக்கணக்கு வைத்திருந்த கர்ணத்தை அழைத்தார், கணக்கை எடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். வாய்க்கால் கரை புறம்போக்கு என்று இருந்தது. கூட்டம் கூட்டினார், தீர்மானம் போட்டார். கையெழுத்துக்குப் பதில் அவர் வைத்த கைரேகை செல்லுமா என்று எழுத்தர் தயங்கினார். நீலாம்பாள் கேட்டார்: "மிராசுதாரு எழுதி வாங்குற பத்திரத்துல எங்க ரேகை செல்லுது. இதுல மட்டும் செல்லாதாங்க?"

செல்லுபடியானது. அந்த நேரம் மேட்டூரில் அணை திறந்த சேதி ரேடியோவில் வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரைதான் வாய்க்கால் காய்ந்திருக்கும். ஆண்கள் குழாய் உருட்டினார்கள். பெண்கள் மண் சுமந்தார்கள். எந்த அணி ஆள் எந்தக் கூடை தூக்கினான் என்று யார் பார்த்தார்கள்? சிரிப்பும் சண்டையுமாய் ஏழு நாள். எட்டாம் நாள் நுரையோடு வந்த புதுத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தபோது, ஊரே குலவையிட்டது.

மறுநாள் தலைவர் திரும்பி வந்தார். பாலத்தருகே வண்டியை நிறுத்தினார்.

"யாரு உத்தரவு இது?"

"தலைவர் உத்தரவுதாங்க," என்றார் நீலாம்பாள்.

"தலைவர் நான்தான?"

"இன்னிக்கு நீங்கதாங்க. நேத்து வரைக்கும் நான்தாங்க."

அய்யா வண்டியை வீட்டுக்கு விடச் சொன்னார். அந்தத் தை மாதம் அவர் வீட்டு நெல்வண்டிதான் அந்தப் பாலத்தில் முதலில் போனது. ஏன் சிரிக்கிறீர்கள்? பாலம் என்றால் எல்லாருக்கும்தானே. அவர் அன்று இடிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் இந்த மேடையில் நான் நன்றி சொல்கிறேன்.

தோழர்களே, தாய்மார்களே, அவர் பொறுப்பில் இருந்தது பதினேழு நாள். நேரு ஆண்டது பதினேழு ஆண்டு, நீலாம்பாள் ஆண்டது பதினேழு நாள். நந்தாவின் ஒரு தடவையைவிட நான்கு நாள் அதிகம். ஆண்டுக் கணக்கு பெரிதா? அந்த நாளில் ஆனது என்ன என்பது பெரிதா? அக்கரைத் தெருவிலிருந்து அந்தப் பாலத்தில் நடந்து பள்ளிக்கு வந்தவர்களில் இன்று ஒருவர் வங்கியில் இருக்கிறார், இருவர் கால்நடை மருத்துவம் படிக்கிறார்கள், ஒருவர் உங்கள் முன் நின்று பேசுகிறார். பதினேழு நாள் போட்ட பாதையில் பதினான்கு வருடமாக நடந்துகொண்டிருக்கிறோம்.

ஒருவர் பெயர் ஒரு பட்டியலில் இரண்டாகப் பிரிந்து வந்தால் அது குறையா? இந்திரா அம்மையார் பெயர் இரண்டு முறை வருகிறதே, அவர் குறைந்தா போனார்? நடுவில் இன்னொருவர் இருந்தார் என்று ஒப்புக்கொள்கிறவர் சிறியவரா, பெரியவரா? டெல்லி தன் பதின்மூன்று நாளை மறக்கவில்லை. நம் ஊர் தன் பதினேழு நாளை மறக்கலாமா? சுவரில் பலகை இருக்கிறது. பலகையில் இடம் இருக்கிறது. இடம் கொடுக்கும் மனமும் இந்த மேடையில் இருக்கிறது என்று நம்பிக் கேட்கிறேன். நீலாம்பாள் கேட்கவில்லை. அவர் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன்.

"நாங்களும் கேக்குறோம்," என்கிறீர்கள். அந்தக் குரலுக்கு மேல் எனக்குப் பேச ஒன்றுமில்லை. வெயிலையும் என்னையும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், நான் தலைப்பை விட்டு வாய்க்கால் பக்கம் போனபோது மணியடிக்காத தலைவர் அய்யாவுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன். மிட்டாயைக் கொடுங்கள்.

தலைவர் தன் முடிவுரையில் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறு மாதக் கூட்டத்தில் அவரே தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் எதிர்த்தார்கள், ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். பெயிண்டர் ஜெக்கரியா வந்து, பாதிப் பலகையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப எழுதினார். இப்போது அதில் இளையபெருமாள் என்ற பெயர், பழைய ஆறு வருடத்துக்கு இரண்டும் 1986-ல் மறுபடி தலைவரானதற்கு ஒன்றுமாக, மூன்று இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் நடுவில் நீலாம்பாள், பதினேழு நாள்.