பங்குக் கிணற்றில் ஒரு லினக்ஸ் போன்

நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பதில் எங்கள் ஜெயசுதா அண்ணிக்கு நிகர் யாரும் இல்லை. மிளகு தூக்கலாக இருக்கும், தேங்காயில் கஞ்சத்தனம் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. பின்னால் வரும் விஷயங்களை வைத்து, அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு ஏதோ பகை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் அய்யப்பன். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் கரும்பு வைத்திருக்கிறேன், போன் ரிப்பேரும் தெரியும். புகார் கொடுக்க வந்தவன் நான்தான். என் பெரியப்பா மகன், அந்த அண்ணியின் வீட்டுக்காரர் தங்கமணி அண்ணன் என் போனைக் கிணற்றில் போட்டுவிட்டார். போட்டதை அவரே மறுக்கவில்லை. ஏன் போட்டார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், சொல்கிறேன்.

அந்தக் கிணறு எனக்கும், இருசப்பன் சித்தப்பாவுக்கும், தங்கமணி அண்ணனுக்கும் பொது. மும்முனை கரண்ட் வரும்போது முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். முறைக்காகத் தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்ற பங்காளிகள் நாங்கள். அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவன் நான். ஒரு பழைய போனில் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளை ஏற்றி, யார் முறை என்பதை அதன் பொறுப்பில் விட்டேன். அது மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும். யார் முறையோ அவர் வயலுக்குப் போகும் வால்வு திறக்கும். சிக்னல் கிடைத்தால் போதும், போன் எங்கே இருந்தாலும் வேலை நடக்கும்.

பெயர்களை அகர வரிசையில் வைத்தேன். அய்யப்பன், இருசப்பன், தங்கமணி. இதில் என் சூழ்ச்சி எதுவும் இல்லை. பெயர் வைத்தவர்கள் எங்களைப் பெற்றவர்கள்.

பிறகு போனின் வேகத்தைக் கூட்டினேன். கம்பெனி வைத்த அளவுக்கு மேல் ஓட விடுவதை ஓவர்கிளாக் என்போம். எதற்கு என்று சித்தப்பா கேட்டார்.

"பத்து எச்பி மோட்டார இழுக்கணும் சித்தப்பா. போனுக்கும் பலம் வேணாமா?" என்றேன்.

தலையாட்டினார். ஒரு மெசேஜ் அனுப்ப அவ்வளவு வேகம் தேவையே இல்லை என்பது உண்மைதான். அதை அவர் கேட்கவில்லை.

அளவுக்கு மீறி ஓட்டினால் போன் சூடேறி, திடீர் திடீரென்று அணைந்து, மறுபடி தானாக எழும். எழுந்ததும் யார் முறை நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடும். வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது நடுவில் யாராவது வந்து பேசிவிட்டால், மறுபடி முதல் பேரிலிருந்து ஆரம்பிப்பார் அல்லவா, அதுபோல. முதல் பேர் என்னுடையது. ஆகவே தண்ணீர் என் கரும்புக்கு வந்தது. அடுத்து சித்தப்பாவுக்கும் கொஞ்சம் போகும். கடைசிப் பேர் வருவதற்குள் போன் மறுபடி அணைந்துவிடும்.

அண்ணன் நெல் போட்டிருந்தார். கதிர் வெளிவரும் பருவம். அப்போது காய்ந்தால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. அந்த வீட்டுக்கு வருஷச் சோறு அந்த நெல்தான். எனக்கும் இது தெரியும், நானும் விவசாயிதானே.

பழுது பார்க்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? முறையாகச் செய்தேன். பேட்டரியை மாற்றினேன். சார்ஜரை மாற்றினேன். சித்தப்பா எலுமிச்சையும் மிளகாயும் கோத்துப் போனில் கட்டினார். நான் தடுக்கவில்லை. எல்லாக் காரணத்தையும் சோதித்துப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். மதியச் சாப்பாடு அண்ணன் வீட்டில்.

"நல்லா சாப்புடுங்க தம்பி. நீங்க தெம்பா இருந்தாத்தான் எங்க பயிரு பொழைக்கும்" என்று சொல்லி அண்ணி ஈரலை என் தட்டில் வைத்தார். முட்டை வைத்துக்கொண்டிருந்த கோழியாம். கறி நல்ல பதமாக வெந்திருந்தது.

ஒரு நாள் அண்ணன் பம்பு செட்டின் தகரக் கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். போனைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, விசிறிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சூடு தணிந்தது, போன் அணையவே இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினேன். மறுபடி அணைந்தது. விசிறியைக் கீழே வைத்தபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று அவர்கள் வீட்டில் காபி மட்டும் குடித்தேன்.

"இதுக்கு சூடுதான் ஆவல தம்பி. வெள்ளிமலைக்கு எடுத்துகினு போறேன். அங்க சில்லுனு கீது" என்றார் அண்ணன்.

மலையில் சாமை விதைக்கும் சின்னதுரை அவருக்குச் சிநேகிதர். போனைத் துண்டில் சுற்றித் தூக்குச்சட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனார். கட்டளைகள் ஓடும் கருப்புத் திரையைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், அணையும் முன் ஏதாவது எழுத்து வந்தால் சொல்லுங்கள் என்று நானேதான் சொல்லி அனுப்பினேன். பழுது பார்க்கிறவனுக்கு அது பழக்கம்.

மலைக் குளிரில் போன் தங்கமாக ஓடியது. என் முறை முடிந்தது. சித்தப்பா முறையும் முடியப்போகும் நேரத்தில் அண்ணன் தன் போனிலிருந்து கூப்பிட்டார்.

"ஒரு தபாகூட அணையல தம்பி. அடுத்தது நம்ம வயலுதான? உங்க அண்ணிய வரப்புல நிக்கச் சொல்லிக்கீறேன்."

அண்ணி நிற்பது என் வயலிலிருந்தே தெரிந்தது. வாய்க்காலைச் செதுக்கிவிட்டு, மண்வெட்டியோடு குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அங்கிருந்தபடியே மலையில் இருக்கும் போனுக்குள் நுழையலாம். அணைத்து மறுபடி எழுப்ப ரீபூட் என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். அடித்தேன். அண்ணி வெகுநேரம் நின்றார். என் கரும்பில் தண்ணீர் சலசலத்தது. அங்கேயும் தண்ணீர் ஜாஸ்தியாகி, வேர் பிடி விட்டு, பாதிக் கரும்பு சாய்ந்து கிடந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நஷ்டம் எனக்கும்தான்.

அண்ணன் மலையிலிருந்து இறங்கித் தன் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"அணையறதுக்கு முன்னால திரையில இங்கிலீஷ்ல ஒரு பேரு வந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உன் பேருதான் தம்பி. சாவற நேரத்துலயும் அது உன்னத்தான் கூப்புடுது."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கரண்டி நின்றது. "அணையறப்ப இவரு பேரு இன்னாத்துக்கு வரணும்?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தொழில் சம்பந்தமான கேள்விக்குத் தப்பான பதில் சொல்வது எனக்கு ஆகாது.

"யாரு அணைக்கச் சொல்றாங்களோ அவங்க பேரு வரும் அண்ணி. லினக்ஸ்ல அது ஒரு ஒழுங்கு" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அண்ணி என் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டார். தொடைக் கறி அதில் அப்படியே இருந்தது. அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அது முறைய மறக்காம இருக்க வழியே இல்லியா?"

அதற்கும் சரியான பதிலைச் சொன்னேன். யார் முறை என்று போன் குறித்து வைத்துக்கொள்ள ஒரே ஒரு வரி போதும். முதல் நாளே எழுதிவிட்டேன், போனில் சேர்க்கவில்லை.

"நெல்லு மொத்தமும் பதரு தம்பி" என்றார். தூக்குச்சட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார். நான் எச்சில் கையோடு பின்னால் போனேன். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் அண்ணா என்று சொல்லிக்கொண்டேதான் போனேன். அவர் காதில் வாங்கவில்லை.

ஆக, வேகத்தைக் கூட்டியது நான். முறையை மறக்கவிட்டது நான். மலையில் ஒழுங்காக ஓடியதை அணைத்ததும் நான். எதையும் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வழக்கு அதைப் பற்றியது இல்லை, ஐயா. அந்த போனில் ஒரு பழுதும் கிடையாது. நான் சொன்னதைத் தவிர அது எந்தத் தப்பும் செய்ததில்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தண்ணீரில் போட அந்த மனுஷனுக்கு எப்படி மனசு வந்தது?